நல்லதண்ணிக் குளத்துப் பாசி

பாசி என்றால் வழுக்கும், தொட்டியில் ஒட்டும், தென்னை மட்டையை வைத்துத் தேய்த்தால் போகும். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதற்கு மேல் தெரியாது. தெரியாததால் யாருக்கும் சோறு இறங்காமல் போனதும் இல்லை. அப்படிப்பட்ட பாசியை எட்டு வருஷமாக ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள் என்றால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்?

ஃபர்ஹத்துக்கு மேலப்பாளையம். முப்பத்தேழு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். கௌரவ விரிவுரையாளர் என்று பதவிக்குப் பேர். கௌரவம் பேரோடு சரி. கணவன் ரசீத் வண்ணார்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் வருஷம் ஒரு கல்யாண வீட்டில், நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற பிரியாணி சகன் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, ரசீத்தின் பெரியம்மா என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். இவள் வெள்ளந்தியாகப் பாசி என்று சொல்லிவிட்டாள். "எங்க தொட்டியில நெறையக் கெடக்கு, வந்து அள்ளிட்டுப் போயேன்" என்றாள் பெரியம்மா. சகனைச் சுற்றி இருந்தவர்கள் கை கழுவும் வரைக்கும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஃபர்ஹத் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் ஆராய்ச்சி.

அந்தச் சின்னப் பொய் பின்னால் அவள் காலையே சுற்றப் போகிறது. அதை இங்கேயே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அவள் படித்தது தொட்டியில் ஒட்டுகிற பாசியும் இல்லை. கேரா என்று ஒரு குடும்பம். தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். தண்டு இருக்கும், கணு இருக்கும், கணுவுக்குக் கணு குடைக்கம்பி விரித்ததுபோல் சுற்றிலும் கிளை இருக்கும். பார்த்தால் செடி என்றே சத்தியம் செய்வீர்கள். ஆனால் வேர் கிடையாது, பூ கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பை இழுத்துத் தன் மேலேயே பூசிக்கொள்ளும். கையில் எடுத்தால் நறநற என்கும், காய்ந்தால் வெளுத்துப்போய்க் கல் மாதிரி நொறுங்கும். கசக்கி மோந்து பார்த்தால் பூண்டு வாசம். அதனால் வயலில் களை எடுக்கிற பெண்கள் அதைப் பூண்டுப் பாசி என்பார்கள். இடம் பார்ப்பதில் மாப்பிள்ளை வீட்டாரை விட மோசம். தண்ணீர் அசையக்கூடாது, தரை வரைக்கும் வெயில் இறங்குகிற தெளிவு வேண்டும், சோப்பு நுரையோ சாக்கடையோ ஒரு துளி கலந்தால் மறுவருஷம் அந்தப் பக்கம் இருக்காது.

அதைத் தேடி ஃபர்ஹத் பாபநாசம் மலையடிவாரத்துக் கால்வாயிலிருந்து சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக் குட்டைகள் வரைக்கும் அலைந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரசீத்தின் பைக், பின்னால் அவள், மடியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டுவான்; ஆனால் ஒரு ஞாயிறுகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. நாற்பத்து மூன்று இடத்தில் பார்த்தாள். ஐந்து வகை கிடைத்தது. ஐந்துக்கும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ பேர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏழாவது வருஷம், சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் இலுப்பையடிப் புதூர் என்கிற ஊரில், நல்லதண்ணிக் குளத்தில் ஆறாவது கிடைத்தது.

கண்ணுக்கு எல்லாப் பூண்டுப் பாசியும் போலத்தான் இருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் ஃபர்ஹத் மூன்று தடவை எண்ணினாள். தண்டைச் சுற்றி வரிசையாகப் படிந்திருக்கும் பட்டை அறைகள் எண்ணிக்கையில் ஒத்துப்போகவில்லை. முள் ஒற்றையாக இருக்க வேண்டிய இடத்தில் இரட்டையாக இருந்தது. ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. ஆணின் கணுக்களில் கசகசா அளவுக்கு ஆரஞ்சு உருண்டைகள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒன்றை எந்த அட்டவணையிலும் அவள் பார்த்ததில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

ஆனால் அவள் சொன்னால் ஆயிற்றா? சென்னையில் குமரகுருபரன் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பேராசிரியர். நாட்டில் இந்தக் குடும்பத்தை முறையாகப் படித்த நாலைந்து பேரில் ஒருவர். வயசான காலத்திலும் கோபத்துக்குக் குறைவில்லாதவர். இவள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்: பட்டையும் முள்ளும் தண்ணீருக்குத் தக்கபடி மாறும், அதை நம்பி நானே சின்ன வயதில் ஒருமுறை ஏமாந்து தலைகுனிந்திருக்கிறேன், பழுத்த ஊஸ்போர் மட்டும்தான் பொய் சொல்லாது, அதைக் காட்டுங்கள். ஊஸ்போர் என்பதை நாம் வித்து என்றே வைத்துக்கொள்வோம். பச்சையாக இருக்கும்போது அதன் ஓட்டில் ஒன்றும் இருக்காது. கறுத்துப் பழுத்த பிறகுதான் ஒவ்வொரு வகைக்கும் உரிய வரியும் புள்ளியும் ஓட்டில் விழும். ஆதார் கார்டுக்குக் கைரேகை மாதிரி.

அந்த வருஷம் மழை பொய்த்து, வித்து பழுக்கும் முன்பே குளம் வற்றிவிட்டது. அடுத்த வருஷம், அதாவது இந்த வருஷம், நல்ல மழை. தை மாதம் போய்ப் பார்த்தபோது பெண் செடிகளில் பச்சைப் பச்சையாகக் காய் பிடித்திருந்தது. மாசிப் பாதிக்குள் கறுத்துவிடும். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை உங்கள் குளத்துக்கே வந்து என் கையால் எடுத்துக்கொள்கிறேன் என்று குமரகுருபரன் போனில் சொன்னார். ஃபர்ஹத் வேண்டிக்கொண்டு இரண்டு நாள் நோன்பு வைத்தாள். ஜூன் முப்பதோடு அவள் பதிவு காலாவதியாகிறது. இரண்டு தடவை தவணை நீட்டியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. இந்த மாசியை விட்டால் எட்டு வருஷமும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போகும்.

இனி அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இலுப்பையடிப் புதூரில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, கேன் தண்ணீரும் வருகிறது. ஆனாலும் சோறு பொங்க நல்லதண்ணிக் குளத்துத் தண்ணீர்தான். அந்தக் குளத்தில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள். கடைசிப் படியில் நின்று குனிந்து குடத்தை முக்குவதோடு சரி. செருப்பு மேட்டிலேயே கிடக்கும். ஆடு மாடு எட்டிப் பார்க்கக்கூடாது, சோப்பு என்ற பேச்சே கிடையாது. கரையில் இருக்கிற இசக்கியம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பயம். வைகாசிக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால், தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது, அம்மனிடம் உத்தரவு கேட்டு இறங்கித் தூர் வாருவார்கள். வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான். அதற்குள் பாசி பழுத்து, வித்தைச் சேற்றில் உதிர்த்துவிட்டுச் செத்திருக்கும். ஊருக்குத் தெரியாமலே ஊரின் வழக்கமும் பாசியின் வழக்கமும் ஒத்துப்போய்க்கொண்டிருந்தன. எத்தனை தலைமுறையாகவோ.

அங்கே ஃபர்ஹத்துக்குப் பழக்கமானவள் ஆறுமுகத்தாய். ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. நூறு நாள் வேலைப் பெண்கள் நாற்பது பேருக்கு அவள் வைத்ததுதான் சட்டம். ஃபர்ஹத் படியில் நின்று கயிற்றில் கட்டிய கொக்கியை வீசி வீசி இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்பாள். தண்ணீர் பரிசோதனை என்று இவள் சொல்வாள். எங்கள் தண்ணீருக்கு என்ன குறை என்று அவளுக்கு மனசுக்குள் ஒரு தாங்கல் இருந்தது. அதைக் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. வரும்போதெல்லாம் கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்புவாள்.

சனிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னால் ஃபர்ஹத் அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா?

"அக்கா, மெட்ராஸ்லருந்து ஒரு பெரியவர் ஒங்க குளத்தப் பாக்க வாராரு. ரொம்பப் பெரிய ஆளு."

பாசியைப் பார்க்க வருகிறார் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. கல்யாண வீட்டுச் சிரிப்பு ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டது. ஆறுமுகத்தாயின் முகம் மலர்ந்ததைப் பார்த்து இவளும் மகிழ்ந்து போனாள்.

விருந்தாளி வருகிறார் என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ரசீத் கடையை அடைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். நாளைக்கு எந்தப் படியில் நின்றால் கறுத்த காய் கொக்கிக்கு எட்டும் என்று ஒருமுறை பார்த்து வைக்க வேண்டும் என்றாள். குளத்து மேடு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது வெள்ளை. படி பூராவும் சுண்ணாம்பு அடித்திருந்தது. வேப்பிலைத் தோரணம் தொங்கியது. மேட்டில் நாற்பது பேரும் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளத்துக்குள் முழங்கால் ஆழத்துக்குப் புதுத் தண்ணீர் ஊறிக் கிடந்தது. அடியில் மணல் தெரிந்தது. மணலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆறுமுகத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாள் வேலை. அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, கொடைக்கு முன்னால் இறங்குகிறோம், மன்னித்துக்கொள் என்று உத்தரவு வாங்கி, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, பாசியை அடியோடு வழித்து, அடிச் சேற்றையும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். இந்த வேலைக்குக் கணக்கு எழுதவில்லையாம். ஊர் மானம், அதற்கு என்ன கூலி என்று சொல்லிவிட்டார்களாம்.

"இப்பப் பாருங்க டீச்சர், கண்ணாடி கணக்கா இருக்குல்லா? அந்த நாத்தம் புடிச்ச பாசிய ஒரு கிள்ளுகூட விட்டு வைக்கல."

ஃபர்ஹத் சிரித்தாள். "ரொம்ப நல்லாருக்குக்கா" என்றாள். இரண்டு படி இறங்கினாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கரையில் குவித்துக் கிடந்த பாசியை ரசீத்தான் முதலில் போய்ப் பார்த்தான். இரண்டு நாள் வெயிலில் வெளுத்து, போகிற வருகிற கால் மிதித்துப் பொடியாகிக் கிடந்தது. ஃபர்ஹத் பின்னாலேயே வந்து மண்டி போட்டு, கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் துழாவினாள். ஒட்டிக்கொண்டிருந்த காயெல்லாம் பச்சையாகவே வாடியிருந்தது. பழுத்தது உதிர்ந்து போயிருந்தது. பொடியோடு பொடியாக இருந்த அவள் விரல்கள் பூண்டு மணத்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒளித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, ஏங்கி ஏங்கி அழுதாள்.

கோலப்பொடிக் கிண்ணத்தோடு நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். என்ன ஆயிற்று என்று ஆறுமுகத்தாய் ரசீத்திடம் கேட்டாள். அவன் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. எட்டு வருஷம், நாற்பத்து மூன்று இடம், நாளைக்கு வருகிறவர் பார்க்க வருவது குளத்தை அல்ல, இந்தப் பாசியை. கேட்டுக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். மூன்று நாள் வழித்ததில் இரண்டிலும் கொப்புளம்.

"சொல்லியிருக்கலாம்லா டீச்சர்," என்றாள் மெதுவாக. "பாசியத்தான் பாக்க வாராவன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க சுத்திக் காவல் இருந்திருப்போம்லா."

 யாராவது திட்டியிருந்தால் ஃபர்ஹத் திருப்பித் திட்டியிருக்கலாம். இது நெஞ்சில் நேராகக் குத்தியது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குமரகுருபரன் வந்தார். தொப்பியும் தோள்பையும், பையில் அவருடைய சொந்தக் குப்பிகளும். சுண்ணாம்புப் படியையும் தோரணத்தையும் வெறும் தண்ணீரையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, காலி வீட்டைக் காட்டவா என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டீங்க?" என்றார். ஃபர்ஹத் வாயைத் திறக்கும் முன்னால் ஆறுமுகத்தாய் முன்னால் வந்து, தப்பு எங்கள் மேல்தான், டீச்சருக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டாள். அவள் அப்படி நின்றதைப் பார்த்ததும் ஃபர்ஹத்துக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. இல்லை சார், தப்பு என் மேல்தான், பாசி படிக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு இவர்களிடம் மறைத்துவிட்டேன் என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. பையிலிருந்த படங்களைப் படியில் விரித்து, அந்தப் பாசி என்ன, அது எதைத் தின்கிறது, ஏன் ஊரிலேயே இந்தக் குளத்தில் மட்டும் இருக்கிறது என்று நாற்பது பெண்களுக்கும் சொன்னாள். நீங்கள் காலை நனைக்காமல் வைத்திருப்பதால்தான் அது இங்கே இருக்கிறது என்றபோது ஒருத்தி இசக்கியம்மன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

குமரகுருபரன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கோபம் எப்போது வடிந்தது என்று தெரியவில்லை. அள்ளிய சேறு எங்கே போயிற்று என்று கேட்டார். முக்கால்வாசி அம்பலவாணன் பண்ணையார் தென்னந்தோப்புக்குப் போய்விட்டது, மீதி ஆறுமுகத்தாய் தன் வீட்டுக் கொல்லையில் கத்திரிக்குப் போட என்று குவித்து வைத்திருக்கிறாள் என்றார்கள். எல்லோரும் அங்கே போனார்கள். அவர் ஒரு பிடி சேற்றை எடுத்து, தட்டில் தண்ணீர் விட்டு அலசி அலசி ஊற்றினார். கடைசியில் மணலோடு மணலாக நின்றதை ஃபர்ஹத்திடம் நீட்டினார். கைக்கண்ணாடியில் மூன்று கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. முன் வருஷங்களில் உதிர்ந்த பழுத்த வித்துக்கள்.

அவளுக்கு உயிர் வந்தது. அவரோ உதட்டைப் பிதுக்கினார்.

"இது அநாதைம்மா. சேற்றுல கிடந்த வித்துக்குத் தாய் யாருன்னு நான் எப்படிச் சொல்றது? முளைக்க வையுங்க. தாயோட மடியில பழுத்த காயா எனக்குக் காட்டுங்க. ஜூன் பதினஞ்சு வரைக்கும் காத்திருக்கேன்."

போகும்போது ஆறுமுகத்தாய் கொடுத்த காப்பியை இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்.

கொஞ்சம் சேற்றைக் கொண்டுபோய்க் கல்லூரி ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தாள் ஃபர்ஹத். குழாய்த் தண்ணீர் ஒரு வாரத்தில் பச்சைக் குழம்பானது. வீட்டு மொட்டை மாடியில் வைத்தாள், வெயிலில் வெந்துவிட்டது. அந்தப் பாசிக்கு வேண்டியது அந்தக் குளத்துத் தண்ணீர்தான், வேறு எதுவும் அல்ல. அதை அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஆறுமுகத்தாய் தன் கொல்லையில் வேப்பமரத்து நிழல் ஓரமாக ஆறு சிமெண்டுத் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருந்தது, பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியது. அடியில் சேறு, மேலே குளத்துத் தண்ணீர். ஆவியாகக் குறையும் தண்ணீரை ஈடுகட்ட நாற்பது பெண்களும் முறை வைத்து, நாளுக்குச் சிலராக, ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊற்றும்போது தெறிக்கக்கூடாது, கையை ஓரத்தில் வைத்து அதன் மேல் விட வேண்டும் என்று ஆறுமுகத்தாய் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

பங்குனி முழுக்க ஒன்றும் முளைக்கவில்லை. ஃபர்ஹத் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து தொட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே வாடிப் போவாள். நோன்புப் பெருநாளும் வந்து போயிற்று. சித்திரையில் ஒருநாள் போன் வந்தது.

"டீச்சர், மூணாந் தொட்டியில ஊசி கணக்கா பச்சையா ஏதோ நிக்கி. நான் தொடல. பைய வாங்க, அது எங்கயும் ஓடாது."

பைய வரச் சொன்னாலும் அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினாள். மூன்றாம் தொட்டியில் பதினோரு முளை. மற்றதெல்லாம் வெறும் தொட்டியாகவே நின்றன. பதினொன்றில் நான்கு பெண் செடி என்று தெரிய வைகாசி ஆயிற்று. ஊர்க் கொடைக்கு மேளம் அடித்த அன்று நான்கிலும் பச்சைக் காய் பிடித்தது. கறுத்ததும் ஒன்றிரண்டு நாளில் உதிர்ந்துவிடும், உதிர்ந்தால் மறுபடி அநாதைதான் என்று ஃபர்ஹத் சொல்லிக்கொடுத்தாள். எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் காட்டினாள். வாய் அகன்ற பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, அடித் தண்டை நகத்தால் கிள்ளி, காயைத் தொடாமல் செடியோடு உள்ளே விட வேண்டும், வெளிக்காற்று படக்கூடாது.

நல்ல காரியத்துக்கு ஆயிரம் தடங்கல் என்பார்கள். ஜூன் ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று நாளும் அவளுக்குத் தேர்வு அறைக் கண்காணிப்பு விழுந்தது. கெஞ்சிப் பார்த்தாள், மாற்றித் தரவில்லை. போனை வெளியே அணைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பத்தாம் தேதி காலை ஆறுமுகத்தாய் தொட்டியைப் பார்த்தாள். ஒரு செடியில் காய்கள் கறுத்திருந்தன. சாரல் காற்று வேறு ஆரம்பித்துவிட்டது, வேப்பமரம் ஆடுகிற ஆட்டத்தில் தொட்டித் தண்ணீர் அலை அடித்தது. போன் போட்டாள், அணைத்திருந்தது. ரசீத்துக்குப் போட்டாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வெளியே வருவாள், நான் வேண்டுமானால் வரட்டுமா என்று கேட்டான். நீங்கள் ஒன்றும் வரவேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

ஐந்தரைக்கு ஃபர்ஹத் வண்ணார்பேட்டைக் கடைக்கு வந்தபோது, பிரித்துப் போட்ட செல்போன்களுக்கு நடுவில் வாடிக்கையாளர் நாற்காலியில் ஆறுமுகத்தாய் விறைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஈரத் துணி சுற்றியிருந்தது. சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். இடம் கொடுத்தவரிடம், உட்கார்ந்தால் வண்டி குலுக்கும், நின்றால் கை தாங்கிக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறாள். ஒன்றரை மணியிலிருந்து மடியில் வைத்தபடி அசையவில்லை, டீகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றான் ரசீத்.

ஃபர்ஹத் தரையிலேயே உட்கார்ந்து கைக்கண்ணாடியைப் பாட்டிலோடு ஒட்டினாள். தாயோடு ஒட்டிய ஏழு காய், ஏழும் கறுப்பு. ஒன்றுகூட உதிரவில்லை.

"சரியாப் பறிச்சிருக்கனா டீச்சர்?"

 கொப்புளம் ஆறிக் காய்ப்பேறிய அந்தக் கையை ஃபர்ஹத் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தச் செடியைச் சென்னைக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். எட்டு நாள் கழித்துக் குமரகுருபரன் கூப்பிட்டார். வழக்கமான கோபக் குரல்தான். ஓட்டுப் புள்ளி இதுவரைக்கும் பார்த்த எதோடும் சேரவில்லை, இது வேறு, பேர் வையுங்கள், ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்றார். என் பேரை வைத்து ஐஸ் வைக்கலாம் என்று நினைத்திருந்தால் அது வேண்டாம் என்றும் சொன்னார். அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல தண்ணீர் என்று பொருள் வருகிற லத்தீன் பேரை வைக்கிறேன் என்றாள். சரி என்றவர், போனை வைக்கும் முன்னால் இன்னொன்று கேட்டார். மாதிரிச் செடியை ஒட்டிய தாளில் சேகரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பேர் இருக்கிறதே, பத்தாம் தேதி நீங்களா பறித்தீர்கள்? தேர்வு அறையில் இருந்ததாக அல்லவா சொன்னீர்கள்? பறித்த கை யாருடையதோ அந்தப் பேர்தான் வரணும், இதில் மரியாதைக்கு இடம் இல்லை.

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாளே புதுத் தாள் எழுதிக்கொண்டு புதூர் போனாள். குளத்து மேட்டில் நூறு நாள் வேலைப் பெண்கள் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகத்தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாளை வாசித்துக் காட்டினாள். ஊர், இலுப்பையடிப் புதூர். இடம், நல்லதண்ணிக் குளத்துச் சேறு. நாள், ஜூன் பத்து. சேகரித்தவர், ஆறுமுகத்தாய். இந்தத் தாள் நூறு வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருக்கும், உலகத்தில் யார் இந்தப் பாசியைப் பற்றி எழுதினாலும் முதலில் இந்தப் பேரைத்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

பெண்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஆறுமுகத்தாய் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தாளைத் தொடாமல் தன் பேர் இருந்த இடத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"எம்பேரப் போட்டது சரிதான்," என்றாள். "ஆனா ஒரு நாளுதான போட்டுருக்கிய. மாசியிலயும் பறிச்சவ நான்தான டீச்சர். அதையும் சேத்து எழுதுங்க."